குதிரை மார்பிலே தொங்கிய பித்தளை



காலனி நண்பரொருவர் பழம்பொருட் கடையொன்றில் பித்தளை வில்லையொன்று வாங்கினார். சித்திரம் மழுங்கியிருந்ததால் ஏமாந்தோமென வருந்தி நம்மிடம் காட்டினார். இங்கிலாந்தில் வண்டிக் குதிரைகளின் சேணத்து வாரிலே தொங்கிய அணி அது.

இரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு அதில் தனி ஆசை. அந்நாட்டு இரயில்வே கம்பெனிகள், பெட்டிகளை நகர்த்தவும் சரக்குகளை வீடு சேர்க்கவும் ஆயிரக்கணக்கான குதிரைகளை வைத்திருந்தன. அவற்றின் வில்லைகள் சிலவற்றில் கம்பெனியின் முதலெழுத்துக்களே உண்டு. பெட்டி இழுத்த கடைசிக் குதிரையான சார்லி, நியூமார்க்கெட் நிலையத்தில் 1967-இல்தான் ஓய்வு பெற்றது. (நம்மவர் சிலரைவிட நீண்ட சர்வீஸோ, அறியோம்!)

பிறை, சூரியன், இதயம் எனப் பல வடிவங்கள். 1887-இல் விக்டோரியா அரசியாரின் பொன்விழாவுக்கும் வில்லைகள் வெளிவந்தன. பின்னாளில் சுவரில் மாட்டவென்றே செய்த போலிகள் ஏராளம். ஆகவே சேகரிப்போர் முகப்பைக் கண்டு மயங்கார், திருப்பிப் பார்ப்பர். வார் கோத்த துளையின் விளிம்பு தேய்ந்திருக்க வேண்டும். தோலில் உராய்ந்த பின்புறம் வழவழப்பாயிருக்க வேண்டும். முன்புறச் சித்திரமோ, வண்டிக்காரர் நாள்தோறும் துலக்கித் துலக்கியே மழுங்கியிருக்கும். அவ்வணியைத் தம் கூலிப் பணத்தில் வாங்கியவரும் அவர்களுள் உண்டு.

நண்பரின் வில்லையைத் திருப்பினோம். துளை ஒருபுறமாகத் தேய்ந்திருந்தது.