இறகு உதிரும்போது கோழியை விற்காதீர்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



1989-ல் ஐ.நா.வின் ஐபேட் நிதி உதவியோடு தமிழ்நாட்டில் முதன்முதலாக மகளிர் குழு ஆரம்பித்தது தருமபுரி மாவட்டத்தில்தான். அப்போது நம்ம ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாமே அந்த மாவட்டம். 2004-ல்தான் நாம் தனி மாவட்டம் ஆனோம். ஆக, குழு என்பது நம் மண்ணில் முளைத்த விஷயம். அதனால் நம் வீட்டுக்குள் பேசுவது போலவே உங்களிடம் பேசுகிறேன்.

கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எல்லோரும் லாபக் கணக்கு சொல்வார்கள். நான் ஒரு நஷ்டக் கணக்கு சொல்கிறேன்.

சில வருஷம் முன்னால் குழுவில் உள்கடன் வாங்கி ஒன்பது பெட்டைக் கோழி வாங்கினேன். முட்டை விற்ற காசில் மாதத் தவணை சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அது என் கைக்காசு. மருமகள் கம்பெனிக்குப் போகிறாள், மகன் கம்பெனிக்குப் போகிறான், ஆனால் யாரையும் கேட்காமல் நான் எடுத்துச் செலவு பண்ணக்கூடிய காசு அந்த முட்டைக் காசு மட்டும்தான். நம்மில் பல பேருக்கு அப்படித்தானே?

கார்த்திகை பிறந்தது. கூண்டைத் திறந்தால் தரையெல்லாம் இறகு. கோழியின் கழுத்து மொட்டை, வால் மொட்டை. முட்டை குறைந்து, மார்கழியில் சுத்தமாக நின்றுவிட்டது. நான் நோய் என்று முடிவு பண்ணிவிட்டேன். அதோடு நின்றேனா? பக்கத்து வீட்டு அக்கா அந்த மாதம்தான் சந்தையிலிருந்து இரண்டு கோழி வாங்கி வந்திருந்தார். "உன் கோழிதான் என் கோழிக்கு நோயைக் கொண்டுவந்தது" என்று வாசலில் நின்று கத்தினேன். அவர் வீட்டில் கன்னடம் பேசுவார்கள், நாங்கள் தமிழ். அதுவரைக்கும் பாஷை ஒரு வித்தியாசமாகவே தெரிந்ததில்லை. அன்றைக்கு அதையும் சேர்த்து வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன்.

கோழி வியாபாரி வந்தார். ஏழு கோழியைப் பாதி விலைக்குப் பிடித்துக்கொண்டு போனார். மீதி இரண்டும் ரொம்ப மொட்டையாக இருந்ததால் வேண்டாம் என்று விட்டுவிட்டார். சாகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த இரண்டும் சாகவில்லை. தை முடிவதற்குள் உடம்பெல்லாம் புது இறகு, பளபளவென்று. மாசியில் கொண்டை சிவந்து, இரண்டும் முட்டை வைக்க ஆரம்பித்தன. அப்போதுதான் கால்நடை மருந்தகத்து டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "பாம்பு சட்டை உரிக்கிற மாதிரிம்மா. வருஷத்துக்கு ஒரு தடவை பழைய இறகை விட்டுட்டுப் புதுசு போடும். நீங்க நல்ல கோழியை வித்துட்டீங்க" என்றார். மாசியிலிருந்து வந்திருக்க வேண்டிய ஏழு கோழி முட்டையும் போச்சு. கடன் தவணை மூன்று மாதம் நின்று, குழுவில் தலைகுனிந்து உட்கார்ந்தேன்.

இது உங்களுக்கு நடக்கக் கூடாது என்றுதான் பேச வந்தேன்.

முதலில், இறகு உதிர்வதா, நோயா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒன்றரை வயதை ஒட்டி கோழி முதல் பெரிய உதிர்வுக்குப் போகும். தலை, கழுத்தில் ஆரம்பித்து மார்பு, உடம்பு, இறக்கை, கடைசியில் வால் என்று வரிசையாக உதிரும். மொட்டையான இடத்தில் தொட்டுப் பார்த்தால் முள் மாதிரி புது இறகுக் குருத்து இருக்கும். கோழி கொஞ்சம் ஒதுங்கி நிற்கும், ஆனால் தீனி தின்னும், நடக்கும். இது முடிய 2 மாதத்திலிருந்து 3 மாதம் ஆகும். தீனியைத் தொடாமல், கண் மூடித் தூங்கி, பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்தால், கழுத்தைத் திருகினால், மூச்சு இழுத்தால் அது நோய். அன்றைக்கே தனியாகப் பிரித்து வைத்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

இரண்டாவது, முட்டை ஏன் நிற்கிறது? இறகில் 100-க்கு 85 பங்கு புரதம். முட்டைக்கும் புரதம்தான் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யக் கோழியின் உடம்பால் முடியாது. அதோடு மார்கழியில் நம் ஊரில் பகல் வெளிச்சம் பதினொன்றரை மணி நேரம்கூட இருக்காது. நன்றாக முட்டை வைக்க 14 மணி நேரத்துக்குக் குறையாத வெளிச்சம் வேண்டும். குளிர் நாடுகளில் பகல் ரொம்பச் சுருங்குவதால் எல்லாக் கோழியும் ஒரே நேரத்தில் நிறுத்தும். நம்ம பக்கம் அவ்வளவு வித்தியாசம் இல்லை. இங்கே தண்ணீர் இல்லாமல் காய்ந்தாலும், தீனி குறைந்தாலும், அடை படுத்து எழுந்தாலும் இறகைக் கொட்டும். அதனால் மாதத்தைப் பார்க்காமல் கோழியைப் பாருங்கள்.

மூன்றாவது, தீனி. நான் செய்த பெரிய தப்பு இதில்தான். முட்டை வைக்காத கோழிக்கு எதற்குத் தீனி என்று குறைத்துவிட்டேன். உதிரும் காலத்தில்தான் நல்ல தீனி வேண்டும். நம் வீட்டில் ராகிக்குப் பஞ்சமில்லை. ஆனால் ராகியில் புரதம் 100-க்கு 7 பங்குதான். ராகி, கம்பு, சோளத்தோடு ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு சேருங்கள். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு விஷம், அதைக் கிட்டேயே சேர்க்காதீர்கள். அசோலா தொட்டி இருந்தால் தினமும் ஒரு கைப்பிடி போடுங்கள். கரையான் பிடிக்கும் முறை நம் பாட்டிமார் செய்ததுதான்: பழைய பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், ஓலை எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால், விடிந்ததும் கோழிக்கு விருந்து. கருவாட்டுத் தூள் போடுகிறவர்கள் ஜாக்கிரதை. உப்பு அதிகமானால் கோழி செத்துப் போகும். முட்டை ஓட்டைப் போட்டால், வறுத்துப் பொடி பண்ணிப் போடுங்கள். அப்படியே போட்டால் தன் முட்டையையே கொத்தப் பழகிவிடும்.

நான்காவது, குளிர். ஓசூரும் தளியும் மேட்டு நிலம். மார்கழி, தை ராத்திரியில் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும். இறகு உள்ள பெரிய கோழி இதைத் தாங்கும். மொட்டைக் கோழி தாங்காது, அதிலும் ஈரமும் நேர்க்காற்றும் சேர்ந்தால் சளி பிடிக்கும். காற்று வரும் பக்கம் கீழ்ப் பாதிக்குக் கோணி கட்டுங்கள். மேல் பாதியைத் திறந்து விடுங்கள். முழுக்க மூடினால் எச்சத்தின் காரநெடி கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். கூண்டுக்குள் தலையை விட்டுப் பாருங்கள், உங்கள் கண் எரிந்தால் கோழிக்கும் எரியும். கீழே நெல் உமி போட்டுக் கிளறிவிட்டு, நனைந்ததை அள்ளிப் போடுங்கள். உட்கார அகலமான கட்டை வையுங்கள். மூடிய கூண்டுக்குள் கரி அடுப்பு வைக்கவே கூடாது, புகையில் மொத்தமும் செத்துவிடும். ராத்திரி அடையப் போகும் முன் ஒரு பிடி தானியம் போட்டால் விடியும்வரை உடம்பில் சூடு நிற்கும். காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள். சாம்பலும் மண்ணும் கலந்து ஒரு மூலையில் கொட்டினால், அதில் புரண்டு பேனைப் போக்கிக்கொள்ளும்.

குருத்து இறகுக்குள் ரத்தம் ஓடும். பிடித்தால் வலிக்கும், ஒடிந்தால் ரத்தம் வரும். அதனால் அந்த மாதங்களில் தேவையில்லாமல் கோழியைப் பிடிக்காதீர்கள். அடை தெளிய வைக்கத் தண்ணீரில் முக்குவதைப் பனிக் காலத்தில் அடியோடு விட்டுவிடுங்கள்.

பல்பு போடலாமா என்று கேட்பீர்கள். உதிர்ந்துகொண்டிருக்கும் கோழிக்கு வேண்டாம், ஓய்வு எடுக்கட்டும். புது இறகு மூடிய பிறகு விடியற்காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் சின்ன பல்பு போடலாம். சாயங்காலம் போட்டுத் திடீரென்று அணைத்தால், கட்டையில் ஏற முடியாமல் இருட்டில் தரையிலேயே படுத்துவிடும்.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியை மட்டும் விடாதீர்கள். மஞ்சளும் துளசியும் பூண்டும் நல்லதுதான், ஆனால் ஊசிக்குப் பதில் ஆகாது. மத்திகிரியில் 1824-லேயே ஆரம்பித்த கால்நடைப் பண்ணை இருக்கிறது. கோழியின உற்பத்திக்கென்றே ஒரு கல்லூரியும் அங்கே இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் வியாபாரியை நம்பினேன்.

கடைசியாகக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். கோழிக்குக் கடன் கொடுக்கும்போது கார்த்திகை முதல் தை வரை தவணையைக் குறைத்து, மாசி முதல் கூட்டி வாங்குங்கள். கோழி முட்டை வைக்காத மாதத்தில் தவணை கேட்டால், அந்தப் பெண் கோழியை விற்றுத்தான் கட்டுவாள். எல்லாம் ஒரே வயதுக் கோழியாகவும் வாங்கவேண்டாம். மாசியில் பொரித்த குஞ்சு ஆவணி, புரட்டாசியில் முட்டைக்கு வரும். முதல் வருஷம் பெரும்பாலும் பெரிய உதிர்வு இருக்காது. பாதி இளசு, பாதி பழசு என்று வைத்தால் மார்கழியிலும் அடுக்குப் பானையில் நாலு முட்டை இருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்த அன்றே, அந்த இரண்டு கோழி வைத்த முட்டையில் பத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "அக்கா, தப்பு என்னோடது" என்றேன். ஒன்றும் பேசாமல் வாங்கி உள்ளே வைத்தார். மூன்று வாரம் கழித்து ஒரு கூடையைக் கொண்டுவந்து என் திண்ணையில் வைத்தார். என் முட்டையைத் தன் கோழியில் அடை வைத்திருக்கிறார். எட்டுக் குஞ்சு. இன்றைக்கு என் வீட்டில் திரிவதெல்லாம் அந்த வழி வந்தவைதான்.

கோழிக்கு இறகு திரும்ப முளைக்கும். வார்த்தையைக் கொட்டினால் அள்ளுவது கஷ்டம். அவர் பெரிய மனசுக்காரர், எனக்கு அள்ள முடிந்தது.