அடிமரம் இல்லா ஆலமரம்



கல்கத்தாவுக்கு எதிர்க்கரையிலே, ஹூக்ளி ஆற்றின் ஓரத்திலே, ஹவுரா நகரின் தாவரவியல் தோட்டத்திலே ஓர் ஆலமரம் நிற்கிறது. வயது 250-க்கு மேல். இராபர்ட் கிட் என்ற கம்பெனிப் படையதிகாரி அந்தத் தோட்டத்தை அமைத்தது 1787-இல். மரம் தோட்டத்துக்கும் மூத்தது. காணச் செல்வோர் முதலில் தேடுவது அடிமரத்தைத்தான். சுற்றிச் சுற்றித் தேடினாலும் கிடைக்காது. ஏன்? அடிமரமே இல்லை!

1864-இலும் 1867-இலும் வீசிய புயல்கள் அதன் பெருங்கிளைகளை முறித்தன. முறிந்த புண்ணின் வழியே காளான் நோய் புகுந்தது. மற்றப் பகுதிகளுக்கும் நோய் பரவாமலிருக்க, 15.7 மீட்டர் சுற்றளவுள்ள தாய்மரத்தையே 1925-இல் வெட்டி அகற்றினார்கள். மரம் மாண்டதா? இல்லை. அதற்கு முன்பே மண்ணைத் தொட்டுவிட்ட விழுதுகள் தூண்களாயின, தூண்கள் தோப்பாயின. இன்று 3,000-க்கும் மேற்பட்ட விழுதுகள் ஒரே மரத்தைத் தாங்கி நிற்கின்றன.

இதை இயற்கையின் விந்தை என்று வியந்துவிட்டு விடைபெறுவோர் உண்டு. அவ்வளவுதானா? தொங்கும் இளவிழுது நூலினும் சற்றே தடித்தது. ஆட்டின் வாய்க்கும் அது எளிது, சிறுவன் கைக்கும் எளிது. அதை மூங்கில் குழாய்க்குள் விட்டு மண் வரையில் வழிநடத்திய தோட்டத் தொழிலாளியின் கைகளையும் கணக்கில் சேர்க்கவேண்டாமா? மரத்தைச் சுற்றி 330 மீட்டர் நீளத்துக்குப் பாதை போட்டார்கள். மரம் பாதையைத் தாண்டிப் படர்ந்தது. எல்லை மீறிவிட்டாய் என்று எவரும் கோடரி தூக்கவில்லை, இடம் விட்டார்கள். 2020 மே திங்களில் அம்பன் புயல் விழுதுகள் சிலவற்றைச் சாய்த்தது. அப்பொழுதும் மரம் நின்றது.

நம் சென்னையிலே, அடையாற்றுப் பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் கதையும் இத்தகையதே. 450 ஆண்டு மூத்தது என்பர். அன்னி பெசன்ட் அம்மையார் அதன் நிழலிலே நின்று உரையாற்றியிருக்கிறார். 1989-இல் பெருங்காற்று அதன் அடிமரத்தைச் சாய்த்தது; விழுதுகள் குடும்பத்தைக் காத்தன.

ஆக, ஆலமரத்தின் உயிர் அடிமரத்தில் மட்டும் இல்லை. சுற்றிலும் அதற்கு விட்டுவைத்த மண்ணிலே இருக்கிறது. விழுது இறங்க வழியிருந்தால் மரம் நிற்கும். நம் சாலையோர ஆல்களைப் பாருங்கள்! பேருந்து உரசும் என்று விழுதுகளை அறுக்கிறோம். வேர் மூச்சுவிடும் மண்ணின்மீது தாரும் சிமெண்டும் கொட்டுகிறோம். தாங்குவார் இன்றித் தலைகனத்த மரம் ஒரு மழைநாளில் விழும்போது, "பழைய மரம், விழுந்துவிட்டது" என்கிறோம். விழுந்ததா, வீழ்த்தினோமா?

அதே வங்கத்திலே இன்னொரு காட்சி. பாராசாத்திலிருந்து எல்லையூர் பெட்ராபோல் வரை செல்லும் ஜெசோர் சாலை. 1971-இல் கிழக்கு வங்கத்து அகதிகள் இலட்சக்கணக்கிலே வந்த வழி அது. அங்கே இரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டக் கல்கத்தா உயர்நீதிமன்றம் 2018-இல் இசைந்தது. நூறாண்டு கடந்த மரங்கள் அவற்றிலே பல. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. அங்கே அமைக்கப்பட்ட வல்லுநர் குழு 2021-இல் ஒரு கணக்குச் சொன்னது: ஒரு மரத்தின் மதிப்பு ஆண்டுக்கு 74,500 ரூபாய், நூறாண்டு கடந்த பெருமரமாயின் ஒரு கோடிக்கும் மேல் போகலாம். ஆயினும் 2023 பிப்ரவரியில் வெட்ட இசைவு உறுதியாயிற்று. மேம்பாலம் இன்மையால் விபத்துகளில் மக்கள் மடிகின்றனர் என்று அரசு வாதாடியது. அது தள்ளத்தக்க வாதமன்று. மனித உயிரினும் மரம் பெரிதென்று எவரும் சொல்லவில்லை. ஆனால் ஒன்றுக்கு ஐந்து கன்று நடுவோம் என்ற ஈடு இருக்கிறதே, அதைத்தான் என்னால் ஏற்கமுடியவில்லை. ஐந்து கன்றுகள் சேர்ந்து நூறு வயதாகுமோ? முழங்கால் உயரச் செடியின் நிழலில் எந்த உழவன் சும்மாட்டை இறக்கி வைப்பான்?

பண்டைத் தமிழ் வேந்தர்க்குக் காவல்மரம் என்று ஒன்று இருந்தது. பகைவன் அதை வெட்டினால் நாடே தோற்றதாகப் பொருள். கடலகத்துப் பகைவரின் கடம்பைத் தடிந்து முரசு செய்த சேரன் இமயவரம்பனைப் பதிற்றுப்பத்து அறியும். அன்று மரத்தை வெட்டப் பகைவன் படை திரட்டி வரவேண்டியிருந்தது. இன்று ஓர் ஒப்பந்தப் புள்ளி போதும்!

ஊர்தோறும் கிளை வைத்திருக்கும் தோழர்களே, உங்களால் ஆவது உண்டு. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 37-ஆம் பிரிவின்படி, உள்ளாட்சி மன்றங்களைக் கலந்து மாநில அரசு மரபுத் தலங்களை அறிவிக்கலாம். பெங்களூருக்கு அருகே தேவனஹள்ளி வட்டாரத்து நல்லூர்ப் புளியந்தோப்பு 2007-இல் அப்படித்தான் காப்புப் பெற்றது. நாட்டிலே அதுவே முதலாவது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022-இல் தமிழகத்தின் முதல் தலமாயிற்று. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்கவேண்டும் என்பதும் சட்டமே. உங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். ஊர் மூத்த மரம் அதிலே ஏறியிருக்கிறதா என்று தேடுங்கள். ஏறவில்லையெனில் வரும் கிராமசபையிலே தீர்மானம் கொண்டுவாருங்கள். எந்தக் கட்சியின் விளம்பரத் தட்டியானாலும் சரி, மரத்தில் அடித்த ஆணியை முதலில் பிடுங்குங்கள். பிறகு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு செல்லுங்கள். அடிமரச் சுற்றளவை மட்டும் குறித்துக்கொண்டு திரும்பவேண்டாம். கிளையின் நுனி நிழல் விழும் இடம் வரை அளந்து, அந்த எல்லையையும் தீர்மானத்திலே எழுதுங்கள்.