ஒற்றைச் சிறுநீரகத்தின் கதை



மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் காலை எனக்குச் சிறுநீர் செந்நிறமாக இறங்கிற்று. வலி சிறிதும் இல்லை. உடற்சூடு என்று எண்ணி மோர் குடித்தேன். இரண்டு நாளில் நின்றுவிட்டது. ஆண்டுக்கணக்கில் சுகாதாரப் பாடம் நடத்திய நான், வீட்டாரிடமும் சொல்ல நாணி ஐந்து மாதங்களைக் கடத்தினேன். மீண்டும் இரத்தம் கண்ட பிறகே மருத்துவரிடம் சென்றேன். இடச் சிறுநீரகத்தில் புற்று; அதை அகற்றிவிட்டார்கள்.

அட்டுவம்பட்டிக்குத் திரும்பியதும் உறவினர், “இனி மேடு ஏறாதீர்கள்” என்றனர். மருத்துவரோ, புண் ஆறியதும் நாள்தோறும் நடக்கச் சொன்னார். யார் சொல்வது சரி என்று அறியப் புத்தகங்களைப் புரட்டலானேன்.

நம் மலையிலிருந்தே தொடங்குவோம். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. சமவெளியிலிருந்து வருபவர் மேடேறும்போது இளைக்கிறார் அல்லவா? அக்குறைவைச் சிறுநீரகம் உணர்கின்றது. (என் பாட்டியார் அதைக் குண்டிக்காய் என்பார்.) உடனே எரித்ரோபொயட்டின் என்னும் பொருளைச் சுரந்து, சிவப்பணுக்களை மிகுதியாகச் செய்யுமாறு எலும்பு மச்சையை ஏவுகின்றது.

அஃது எவ்வாறு நிகழ்கின்றது? உயிரணுவில் மரபணுக்கள் பல்லாயிரம் இருப்பினும், எல்லாம் ஒரே வேளையில் படிக்கப்படுவதில்லை. ‘ஹிஃப்’ என்னும் புரதம் சில மரபணுக்களைப் படிக்க ஆணையிடும். கரும்பலகையில் ஒருவன் ஆணையை எழுத எழுத, மற்றொருவன் அழித்துக்கொண்டே இருப்பதாக எண்ணுங்கள். அழிப்பவன் ‘வி.எச்.எல்.’ என்னும் புரதம். பிராணவாயு குறைந்தால், எதை அழிப்பது என்பதற்குரிய அடையாளம் அவனுக்குக் கிடைப்பதில்லை. ஆணை நிலைக்கிறது, மரபணுக்கள் விழிக்கின்றன. இவ்வுண்மையைக் கண்ட கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றனர்.

பெரும்பாலான சிறுநீரகப் புற்றுகளில் அந்த அழிப்பவனே இல்லை! 1993இல் கண்டறியப்பட்ட வி.எச்.எல். மரபணு அங்கே பழுதுற்றிருக்கிறது. பிராணவாயு நிறைந்திருந்தும் பஞ்சம் வந்தாற்போல் ஆணைகள் குவிகின்றன. புதுப் புது இரத்தக்குழாய்கள் முளைத்துக் கட்டிக்கு உணவூட்டுகின்றன.

நடைப்பயிற்சி இதில் என்ன செய்யும்? உழைக்கும் தசையிலும் மரபணுக்கள் விழித்தும் உறங்கியும் மாறுகின்றன. தசை சில பொருள்களை இரத்தத்தில் விடுகிறது. மேலும் உடற்பருமனும் இரத்தக்கொதிப்பும் இந்நோய்க்கு வழிகோலுபவை. பயிற்சி இரண்டையும் குறைக்கும். 2016இல் வெளியான ஆய்வொன்று, 14 லட்சத்து 40 ஆயிரம் பேரின் விவரங்களைத் தொகுத்து, மிகுதியாக உடற்பயிற்சி செய்தோர்க்குச் சிறுநீரகப் புற்று 23 விழுக்காடு குறைவாக இருந்ததைக் காட்டிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். நடப்பவர் வேறு நற்பழக்கங்களும் உடையவராக இருக்கலாம். எனவே நடைதான் முழுக்காரணம் என்று அந்த எண் மெய்ப்பிக்கவில்லை. பழுதுற்ற வி.எச்.எல். மரபணுவை நடை செப்பனிடும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். நடந்ததனால் என் கட்டி கரைந்திராது. அந்த ஐந்து மாதத் தாமதத்தையும் எந்த நடையும் ஈடுசெய்யாது.

ஆயினும் நடக்கிறேன். முதல் வாரம் பல்கலைக்கழக வாயில்வரை செல்வதற்குள் மூன்று முறை உட்கார்ந்தேன். இப்போது உட்காருவதில்லை. வரும் வெள்ளிக்கிழமை ஆறாவது சோதனைக்காக மலையிறங்குகிறேன். இம்முறை சிறுநீரின் நிறம் முதலாக எல்லாவற்றையும் வீட்டாரிடம் சொல்லிவிட்டுத்தான் செல்கிறேன்.