சூரியனை நிலவென்று சொன்ன மனைவி

வில்லியம் ஷேக்ஸ்பியரின் 'தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ' என்னும் நகைச்சுவை நாடகத்தின் கடைசிக் காட்சியில், அடங்காப்பிடாரி என்று ஊரே பழித்த கேத்தரீனா விருந்தினர் நடுவே நின்று, கணவனே மனைவிக்குத் தலைவன், காவலன், அரசன் என்று 44 அடிகள் பேசி, அவன் விரும்பினால் அவன் பாதத்தின் கீழ்த் தன் கையை வைக்கவும் ஆயத்தம் என்று முடிக்கிறாள். இந்தப் பேச்சை அவள் மனமாரப் பேசவில்லை, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு நடிக்கிறாள் என்று விளக்கிச் சமாதானம் அடைவது இன்றைய அரங்கிலும் வகுப்பறையிலும் பழக்கமாகிவிட்டது. பெண்ணுக்குப் பரிந்து பேசுவதுபோல் தோன்றும் அந்த விளக்கம் கேத்தரீனாவைக் காப்பாற்றவே இல்லை, காப்பாற்றப்படுவது நாடகத்தின் பெயரும் பார்ப்பவரின் மனநிம்மதியுமே என்பதுதான் இவ்வுரையின் வாதம்.

பேச்சை எடைபோடுமுன், அது எந்தப் பட்டறையில் அடித்து எடுக்கப்பட்டது என்பதைப் பார்த்தாக வேண்டும். பாதுவா நகரத்துச் செல்வர் பாப்டிஸ்டா, மூத்தவள் கேத்தரீனாவுக்கு மணம் முடியாமல் இளையவள் பியாங்காவைக் கொடுப்பதில்லை என்று நிற்க, வெரோனாவிலிருந்து பணக்காரப் பெண் தேடி வந்ததாக வாய்விட்டே சொல்லும் பெட்ரூச்சியோ, 20,000 கிரௌன் சீதனமும் மாமனார் காலத்துக்குப்பின் நிலத்தில் பாதியும் என்று பேசி முடித்துவிட்டுத்தான் பெண்ணின் முகத்தையே பார்க்கிறான். கிரௌன் என்பது அக்கால நாணயம். திருமணம் முடிந்த கையோடு, அவள் தன் பொருள், தன் வீடு, தன் வயல், தன் களஞ்சியம், தன் குதிரை, தன் எருது என்று ஊரார் முன் அடுக்குகிறான். கூட்டத்தைச் சிரிக்கவைக்கும் மிகையாக அது எழுதப்பட்டிருந்தாலும், மணமான பெண்ணின் சட்ட உரிமை கணவனுடைய உரிமைக்குள் கரைந்துவிடும் என்ற ஆங்கிலப் பொதுச் சட்டக் கோட்பாடு அந்த மிகைக்கு அடியில் உறுதியாகக் கிடந்தது. மனைவி தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள முழு வழி அந்நாட்டில் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் பிறந்தது.

நான்காம் அங்கத்தில், தன் முறை என்ன என்பதைப் பெட்ரூச்சியோ தனிமொழியாக அவையிடமே அறிவிக்கிறான். காட்டிலிருந்து பிடித்த வல்லூற்றை வேட்டைக்குப் பழக்குவோர் அதனைப் பட்டினி போட்டு, உறங்கவிடாமல் விழித்திருக்கச் செய்து, கையிலிருக்கும் இறைச்சிக்காக இறங்கிவரப் பழக்குவார்கள். அதையே அவன் மனைவிமேல் செய்கிறான். இறைச்சி கருகிவிட்டது என்று தட்டை வீசுகிறான், படுக்கை சரியில்லை என்று கலைக்கிறான், இத்தனையும் அவள்மீதுள்ள அன்பினால் என்கிறான். பசி தாங்காமல் அவள் வேலைக்காரன் க்ரூமியோவிடம் கெஞ்ச, அவன் பதார்த்தங்களின் பெயரைச் சொல்லிச் சொல்லி ஏய்க்கிறான். பின்னர்க் கணவனே உணவு கொண்டுவந்தும், அவள் நன்றி சொல்லவில்லை என்று தட்டை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறான். பெட்ரூச்சியோ அவளை ஒருமுறைகூட அடிக்கவில்லையே என்று பெருமை பேசும் அறிஞர்கள் உண்டு. உண்மைதான். கட்டுக்கடங்காத மனைவியை இரத்தம் வர அடித்து உப்பிட்ட குதிரைத் தோலில் சுருட்டும் கதைப்பாட்டு ஒன்று இந்நாடகம் எழுதப்பட்ட நூற்றாண்டின் இங்கிலாந்தில் அச்சிலேயே இருந்தது. ஆனால் அடியை விட்டுப் பட்டினியைப் பிடித்ததை நாகரிகம் என்று கொண்டாட முடியுமா என்பதை அவையோரே சொல்லட்டும்.

இனி நான்காம் அங்கத்தின் ஐந்தாம் காட்சி. தந்தை வீட்டுக்குத் திரும்பும் வழியில், பட்டப்பகலில், வானத்தில் இருப்பது நிலவு என்கிறான் கணவன். சூரியன் என்று மறுத்தால் பயணம் நின்றுபோகும் என்ற நிலையில், அவள் நிலவு என்று ஒப்புகிறாள்; உடனே அவன் அது சூரியன் என்று மாற்ற, அவளும் மாற்றி, அவன் எப்பெயரிட்டாலும் தனக்கும் அதுவே பெயர் என்று முடிக்கிறாள். எதிரே வந்த கிழவரை இளங்கன்னி என்று அழைக்கச் சொன்னதும் அப்படியே அழைக்கிறாள். இங்கே அவள் கண்ட மாற்றம் கருத்து மாற்றம் அன்று. பொய்யென்று தெரிந்த ஒன்றைத் தடுமாறாமல் சொல்லும் பயிற்சி. இறுதிப் பேச்சு அப்பயிற்சியின் பெரிய தேர்வு, அதுவும் யார் மனைவி அழைத்ததும் வருவாள் என்று ஆளுக்கு 100 கிரௌன் வைத்துக் கணவர்கள் நடத்தும் பந்தயத்தில். அழைத்ததும் வருகிறாள், தலையிலிருக்கும் தொப்பியைக் காலில் போட்டு மிதிக்கச் சொன்னதும் மிதிக்கிறாள், பேசச் சொன்னதும் பேசுகிறாள். பேச்சின் அடிப்படை வாதம் என்ன? கணவன் கடலிலும் நிலத்திலும் மழையிலும் குளிரிலும் உழைக்கிறான், மனைவியோ வீட்டில் கதகதப்பாகவும் பத்திரமாகவும் படுத்திருக்கிறாள், ஆகவே கீழ்ப்படிதல் அவள் செலுத்த வேண்டிய கடன் என்பது. சீதனத்துக்காக வந்தவன் எந்தக் கடலில் உழைத்தான்? அவன் வீட்டில் அவள் எந்த இரவு கதகதப்பாக உறங்கினாள்? பேச்சு முழுவதும் நிலவென்று சொல்லப்பட்ட சூரியன்தான்.

அப்படியானால் அது முரண்நகைதானே, அதாவது ஒன்றைச் சொல்லி வேறொன்றைக் குறிப்பதுதானே என்று வாதிடலாம். முரண்நகைக்கு அதைப் பகிர்ந்துகொள்ள ஒரு துணை வேண்டும், அல்லது அவையை நோக்கி ஒதுங்கிச் சொல்லும் ஒரு சொல்லாவது வேண்டும். பெட்ரூச்சியோவுக்குத் தனிமொழி கொடுத்த ஆசிரியர், இந்த இடத்தில் கேத்தரீனாவுக்கு அப்படி எதையும் கொடுக்கவில்லை. பொய்யைப் பொய்யென்று அறிந்தே சொல்ல வேண்டியிருப்பவள் விடுதலை பெற்றவள் அல்லள். ஆசிரியர் விட்ட அந்த இடைவெளியை நிரப்பத்தான் பின்வந்தோர் தத்தம் சரக்கைக் கொட்டினார்கள். நடிகர் டேவிட் காரிக் 1754இல் மேடையேற்றிய சுருக்க வடிவத்தில் பெட்ரூச்சியோ தன் கடுமை வெறும் முகமூடி என்று சொல்லி அதைக் கழற்றிவிடுகிறான். அந்த வடிவமே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு மூல நாடகத்தை மேடையிலிருந்து விலக்கி வைத்தது. 1929இல் வந்த திரைப்படத்தில் கேத்தரீனாவாக நடித்த மேரி பிக்ஃபோர்ட், இந்தப் பேச்சின்போது தங்கையைப் பார்த்துக் கண்சிமிட்டினார். அந்த ஒரு சிமிட்டலில் நான்காம் அங்கத்துப் பட்டினி முழுதும் செரித்துப்போயிற்று.

அது அந்தக் காலம், அக்காலத்து மனிதரை இக்காலத்து அளவுகோலால் அளக்கலாகாது என்பது மறுதரப்பின் வேறொரு கேடயம். அந்தக் காலமே அதை ஏற்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஷேக்ஸ்பியர் உயிரோடிருக்கும்போதே, 1611ஐ ஒட்டி, அவருடன் பின்னாளில் சேர்ந்து எழுதிய ஜான் ஃபிளெச்சர், அடக்கியவனை அடக்கும் நாடகம் ஒன்றை எழுதினார். அதில் கேத்தரீனா இறந்தபின் மறுமணம் செய்யும் பெட்ரூச்சியோவை, புதுமனைவி மரியா முதலிரவிலேயே வெளியே நிறுத்திக் கதவடைக்கிறாள். 1633 நவம்பரில் இரு நாடகங்களும் அடுத்தடுத்து முதலாம் சார்லஸ் மன்னர் முன்னிலையில் நடந்தபோது, முதலாவது பிடித்திருந்தது என்றும் ஃபிளெச்சருடையது மிகவும் பிடித்திருந்தது என்றும் அரண்மனைக் கேளிக்கை அலுவலர் ஹென்றி ஹெர்பர்ட் குறித்துவைத்தார். நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா 1897இல், பெண்ணுடன் அமர்ந்திருக்கும் நேர்மையான ஆண் எவனும் இக்கடைசிக் காட்சியைக் கூசாமல் பார்க்க முடியாது என்ற பொருளில் எழுதியது புதிய குரல் அன்று. பழைய வழக்கின் தொடர்ச்சி.

நாடகத்தைத் தடைசெய் என்று இவ்வுரை கேட்கவில்லை. க்ரூமியோவும் தையற்காரனும் மோதும் காட்சியின் நகைச்சுவைக்கு ஈடுசொல்வது கடினம். ஆனால் கண்சிமிட்டலை விரும்பும் இயக்குநர்கள் நான்காம் அங்கத்தில் ஒரு வரியையும் வெட்டாமல், பசியைப் பசியாகவும் உறக்கமின்மையை உறக்கமின்மையாகவும் நடிக்கவைத்து மேடையேற்றட்டும். அதன்பிறகும் அந்த 44 அடிகளின் முடிவில் கண்சிமிட்ட எந்த நடிகைக்குத் துணிவு வருகிறது என்று பார்ப்போம்.