கறையும் படலமும்: கோலார் வட்டாரத்தில் பல் நலம்



பல்லின் தூய்மையை அதன் நிறத்தைக் கொண்டு மதிப்பிடுவது மக்களின் வழக்கம். கோலார் மாவட்டத்தில் இம்மதிப்பீடு பெரும் பிழைக்கு இடமளிக்கிறது.

வற்றாத ஆறு இல்லாத இம்மாவட்டத்தில், ஏரிகள் வறண்ட நிலையில் கிராம மக்கள் ஆழ்குழாய்க் கிணறுகளை நம்ப நேர்ந்தது. பாறைகளினூடே ஊறிவரும் அந்நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுந்துள்ளது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது என்றும், மாற்று நீர் இல்லாதவிடத்து 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்துள்ளது. பற்கள் உருவாகும் பருவத்தில் மிகுதியான ஃபுளோரைடு உட்கொண்ட குழந்தைகளின் பற்களில் வெண்திட்டுகளும் பழுப்புக் கறையும் தோன்றுகின்றன. இக்கறை எனாமலிலேயே அமைந்தது, துலக்குவதால் நீங்காது. செங்கற்பொடியாலும் கரியாலும் அதனைத் தேய்ப்பவர் எனாமலையே இழக்கின்றனர்.

படலம் உருவாகும் விதம்

துலக்கினால் நீங்கும் பகையோ எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. துலக்கிய சில நிமிடங்களில் உமிழ்நீரின் புரதங்கள் பல்மீது மெல்லிய சவ்வாகப் படிகின்றன. அதில் பாக்டீரியாக்கள் ஒட்டிப் பெருகுவதால் பற்படலம் உருவாகிறது. அவற்றுள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்பது சர்க்கரையைக் கொண்டு பசைப்பொருளையும் அமிலத்தையும் உண்டாக்குகிறது. அமிலம் எனாமலை அரிப்பதால் சொத்தை தோன்றுகிறது. ஈறோரத்தில் தங்கும் படலம் ஈறுகளை வீங்கச் செய்கிறது; நாளடைவில் காரையாக இறுகிவிட்டால், பல் மருத்துவரே அதனை அகற்ற முடியும்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பல் துலக்கும் பழக்கமில்லாத 480 தமிழ்த் தொழிலாளர்களிடம் 1970-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. அவர்களிடையே சொத்தை அரிது. எனினும், 15 ஆண்டுகளில் 8 விழுக்காட்டினருக்குப் பற்களைத் தாங்கும் திசுக்கள் விரைவாகவும், 81 விழுக்காட்டினருக்கு மிதமாகவும் சிதைந்தன. 11 விழுக்காட்டினர் மட்டுமே தப்பினர். சொத்தையின்மை ஒன்றே பல் நலமாகாது என்பதை இது உணர்த்துகிறது.

கட்டுப்படுத்தும் வழி

படலம் நாள்தோறும் உருவாவதால், ஆண்டுக்கொரு மருத்துவ முகாம் அதற்கு ஈடாகாது. மென்மையான தூரிகையால் காலையிலும் இரவிலும் ஈறோரம் துலக்குதல், பல்லிடுக்குகளைத் தூய்மை செய்தல், இனிப்புண்ணும் தடவைகளைக் குறைத்தல், புகையிலையை விலக்குதல் ஆகியவை போதிய பயன் தரும். சிறு குழந்தைகளுக்குப் பற்பசை மிகச் சிறிதளவே தரவேண்டும். அவர்கள் அதை விழுங்காமல் துப்புவதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

கோலார் தங்கவயலில் இதற்குப் பொருளாதார முக்கியத்துவமும் உண்டு. 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின் பலர் நாள்தோறும் இரயிலில் பெங்களூர் சென்று உழைக்கின்றனர். அவர்களுக்குப் பல் மருத்துவரிடம் கழியும் ஒரு நாள், ஒரு நாள் ஊதிய இழப்பாகும்.

கறையைத் தடுக்க நல்ல குடிநீர் வழங்குவது அரசின் கடமை. படலத்தை அகற்றுவது ஒவ்வொரு இல்லத்தின் கடமை. இவ்விரண்டையும் பிரித்துணர்த்தும் பணியைப் பள்ளிகள் ஏற்குமாயின், கறை படிந்த பல்லைக் கண்டு எந்தச் சிறுவனும் நாண வேண்டியதில்லை; வெண்மையான பல்லைக் கண்டு எவரும் ஏமாற வேண்டியதுமில்லை.