சொட்டும் குழாயை அடைக்காதீர்கள்



தோட்டத்து லயங்களில் அந்நாளில் வெந்நீர் என்றால் விறகடுப்பும் அண்டாவும்தான். பிள்ளை பெற்ற வீட்டில் பழைய பால்மரத்து விறகு எரியும். அண்டாவின் வாய் திறந்தே இருக்கும். நீர் பொங்கினால் தரையில் வழியும், அவ்வளவே. இன்று தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறிவிட்ட நம் குடும்பங்கள் பலவற்றில், நீரைத் தேக்கிச் சூடாக்கும் வாட்டர் ஹீட்டர் குளியலறைச் சுவரில் ஏறிவிட்டது. அது வாய் மூடிய அண்டா.

நீர் சூடேறினால் பருக்கும். 50 லிட்டர் கொள்ளும் ஹீட்டரில் நீரை 27 பாகை செல்சியஸிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினால், அது அரை லிட்டருக்கு மேல் கூடிவிடும். அந்தக் கூடுதல் நீர் எங்கே போகும்? வந்த வழியே திரும்ப முடியாதபடி உள்வரும் குழாயில் பெரும்பாலும் ஒருவழி வால்வு வைத்திருப்பார்கள். ஆகவே உள்ளே அழுத்தம் ஏறுகிறது. ஓர் அளவைத் தொட்டதும் பாதுகாப்பு வால்வு சற்றே திறந்து, சொட்டுச் சொட்டாக நீரை வெளியே விடுகிறது. சூடேறும் வேளையில் சொட்டினால் அது பழுதன்று. அந்த வால்வின் வேலையே அதுதான்.

என்னிடம் படித்து, இன்று குடும்பத் தலைவியாகிவிட்ட ஒரு மாணவி, "சார், ஹீட்டர் ஒழுகிக்கிட்டே இருக்கு. தக்கை வச்சு அடைச்சிடலாம்னு மாமா சொல்றாங்க" என்றாள். "வேணாம்மா, மாமாகிட்ட நான் பேசுறேன்" என்றேன். பேசவும் செய்தேன். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒருநாள் கெட்டுப்போனால், நீர் 100 பாகையைத் தாண்டியும் ஆவியாக இடமின்றி உள்ளேயே அடங்கிக் கிடக்கும். கலம் பிளந்தால் அதில் ஒரு பகுதி அந்த நொடியே நீராவியாகும். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 லிட்டர் இடம் கேட்கும். குளியலறைச் சுவர் தாங்குமா?

ஹீட்டரை நிறுத்திய பிறகும் இரவெல்லாம் சொட்டுகிறதென்றால் கதை வேறு. வால்வில் அழுக்குச் சிக்கியிருக்கலாம். அல்லது குழாய் அழுத்தமே மிகுதியாக இருக்கலாம். ஊர் உறங்கும்போது தண்ணீர் எடுப்போர் குறைவு, பெருங்குழாயில் அழுத்தம் கூடும். பத்து மீட்டர் உயரத்து நீர் தருவது ஒரு பார் அழுத்தம். குளியலறைக் குழாய்க்கு 3 மீட்டர் மேலே உள்ள கூரைத் தொட்டி 0.3 பார்தான் தரும். ஹீட்டரைப் பெருங்குழாயில் நேராக இணைத்தாலோ, பம்பு வைத்தாலோ இது பல மடங்காகும்.

ஹீட்டருக்கு நீர் வரும் அதே வழியில் உள்ள ஒரு குழாயில் அழுத்தமானியைத் திருகி, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு இரவில் பாருங்கள். ஹீட்டர் தாங்கும் அளவு அதன் தகட்டில் மெகா பாஸ்கலில் இருக்கும், 0.1 மெகா பாஸ்கல் என்பது ஒரு பார். முள் 5 பாரைத் தாண்டினால் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். புது ஹீட்டரின் விலையோடு பார்த்தால் அது பெரிய செலவில்லை. பாதுகாப்பு வால்வையே கழற்றிவிடலாம் என்று சொல்லும் குழாய்க்காரரை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

ஷவரோடு சேர்ந்த சிறிய ஹீட்டரில் நீர் தேங்குவதில்லை. அதற்கு வரும் தொல்லை எதிர்மாறானது: நீரோட்டம் மெலிந்தால் சூடே ஏறாது.

வால்விலிருந்து வரும் சிறு குழாய் கீழ்நோக்கி, வாய் திறந்து, பிள்ளைகள் நிற்காத மூலையில் முடியட்டும். அதில் கொதிநீரோ ஆவியோ சீறி வந்தால், குளியலறைக்குள் போகாமல் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு ஆளை அழையுங்கள்.