ஜப்பானில் இரயிற் பிரயாணச் செலவு
(நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முன்னாளில் நம்மவருட் பொருளீட்டச் செல்வோரே கடல் கடந்தனர். இந்நாளிலோ, பல்லாண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக்கொண்டு மனைவி மக்களுடன் நாடு காணச் செல்வோரும் உளர். ஜப்பான் தேசத்திற்குப் புறப்படும் அன்பர் சிலர், "ஏழு நாட் பாஸை இங்கேயே வாங்கிவிடலாமா?" என வினவுகின்றனர். கணக்குப் பாராமல் வாங்கற்க என்பதே என் விடை. பார்ப்பின், பெரும்பாலார்க்கு அது வீண் செலவென்பது புலனாகும்.

அந்நாட்டு ஜே.ஆர். இரயில்வேக் குழுமங்கள் ஒருங்கு சேர்ந்து அயல்நாட்டுப் பிரயாணிகளுக்கென விற்கும் சீட்டு இது. ஏழு, பதினான்கு, இருபத்தொரு நாள் என மூவகைப்படும். தொடங்கிய நாள் முதல் நாட்கள் இடைவிடாது கழியும். 2023 செப்டம்பர் வரையில் ஏழு நாட் சாதாரண வகுப்புப் பாஸின் விலை 29,650 யென். டோக்கியோவினின்று கியோட்டோ சென்று மீளுதற்கே ஏறக்குறைய 28,000 யென் ஆகுமாதலின், மற்றோர் ஊரையும் கண்டால் ஊதியமே. அதனால் அக்காலத்துச் சென்று வந்தவர் எல்லாரும் அதனைப் புகழ்ந்தனர். அப்புகழுரை இன்றளவும் வாய்வழி உலவுகின்றது. ஆனால் 2023 அக்டோபரில் அவ்விலை ஒரே நாளில் 50,000 யென் ஆயிற்று. விலை மாறியும் புகழுரை மாறாமையே இங்குள்ள இடர்.

டோக்கியோ, கியோட்டோ, ஹிரோஷிமா மூன்றையும் கண்டு டோக்கியோ மீளும் ஒருவர்க்கு, தனித்தனிச் சீட்டு வாங்கின், 2024ஆம் ஆண்டுக் கட்டணப்படி ஆசனப் பதிவுடன் ஏறத்தாழ 45,000 யென். அதற்கே பாஸ் மிகை. கியோட்டோ மட்டும் சென்று மீள்வார்க்கோ தலைக்கு 22,000 யென் வீண். கணவனும் மனைவியுமாயின் 44,000 யென்! இஃது அவ்வூரில் அவர்கள் சில நாள் தங்கி உண்ணுதற்குப் போதுமன்றோ? வடகோடி ஹொக்கைடோவினின்று தென்கோடி கியூஷு வரை ஒரே வாரத்தில் ஓடுவார்க்கே பாஸ் பயன்படும். குழந்தைகளையும் முதியோரையும் உடன் கொண்டு செல்வார் அங்ஙனம் ஓடுதல் யான் விரும்புவதன்று.

மற்றொன்று: அயல்நாட்டார் குறுகிய காலப் பார்வையாளராகக் கடவுச்சீட்டில் முத்திரை பெற்றிருந்தாலன்றி அது செல்லாது. அங்கு உத்தியோகம் பார்க்கும் நம் பிள்ளை, பெற்றோர் பாஸிற் செல்லத் தான் தனிச்சீட்டு வாங்க வேண்டியவனே. டோக்கியோவின் சுரங்க இரயில்களுக்கும் அது செல்லாது.

இனிச் சீட்டின் இயல்பைக் கூறுவேன். அந்நாட்டில் ஷிங்கான்ஸென் என்னும் அதிவேக வண்டிக்குக் கட்டணம் இருகூறுடையது: தூரத்திற்குரிய வழிக்கூலி ஒன்று; விரைவுக்குரிய கூலி மற்றொன்று. விமானச் சீட்டைப்போல நாள் நெருங்க நெருங்க மும்மடங்கு ஏறுவதன்று. பருவத்திற்கேற்பச் சில நூறு யென்னே வேறுபடும். ஆகலின் ஆறு மாதம் முன்னரே பதறி, தரகு கொடுத்து வாங்க வேண்டுவதில்லை. ஆண்டிறுதி, மே மாதத் தொடக்கம், ஆகஸ்டு நடுப்பகுதி ஆகிய விழாக் காலங்களில் மட்டும் முன்பதிவு இன்றியமையாதது.

அவ்வண்டிகளின் பெயர்கள் இன்பம் தருவன. எல்லா நிலையங்களிலும் நிற்பது கொடாமா, அஃதாவது எதிரொலி. அதனினும் விரைந்தது ஹிக்காரி, ஒளி. யாவற்றினும் விரைந்தது நொஸொமி. அதற்கு விருப்பம், நம்பிக்கை என்பன பொருள். ஒலியினும் ஒளி கடிது. ஒளியினும் மனத்தின் அவாக் கடிது! பெயரிட்டவர் நம் பண்டிதர் குழுவிற் சேர்த்துக்கொள்ளத் தக்கவரே. நொஸொமி டோக்கியோவினின்று கியோட்டோவிற்கு ஏறத்தாழ இரண்டேகால் மணியிற் சேரும். கொடாமா மூன்றரை மணிக்கு மேலாகும். ஆயினும் கொடாமாவிற்கெனப் 'புராத்தோ கொடாமா' என்னும் மலிவுச் சீட்டு உண்டு. முதல் நாளேனும் வாங்கிவிட வேண்டும்; குறித்த வண்டியிலன்றி வேறொன்றில் ஏறலாகாது. அவசரமில்லாக் குடும்பத்தார்க்கு இதுவே தக்கது.

நாடு முழுவதற்குமான பாஸ் அன்றி, வட்டாரப் பாஸ்களும் உள. கான்ஸாய், ஹிரோஷிமா வட்டாரத்திற்கான ஐந்து நாட் பாஸ், 2024இல் ஓஸாகாவினின்று ஹிரோஷிமா ஒருமுறை சென்று மீளும் ஷிங்கான்ஸென் கட்டணத்தினும் குறைந்த விலைக்கே கிடைத்தது. மேற்குப் பகுதி மட்டும் காண்பார் இதனை முதற்கண் ஆராய்க.

மாணாக்கர் விரும்புவது, 'இளமைப் பதினெட்டு' எனப் பொருள்படும் பருவகாலச் சீட்டு. பெயர் அங்ஙனமாயினும் வயது வரம்பில்லை. எழுபது வயதினரும் வாங்கலாம். 2024ஆம் ஆண்டுக் குளிர்காலம் முதல் தொடர்ந்து மூன்று நாளுக்கு 10,000, ஐந்து நாளுக்கு 12,050 யென். சாதாரண வண்டிகளிலேயே செல்லலாம். கியோட்டோ சேர ஒரு பகல் முழுதும் கழியும்.

சிறுவர் கட்டணமும் அறிந்துகொள்க. ஆறு முதல் பதினொரு வயது வரை அரைக்கட்டணம். ஆறு வயது நிரம்பாதார், கட்டணம் செலுத்தும் ஒருவர்க்கு இருவர் வீதம், தனி ஆசனம் கொள்ளாவிடில் இலவசம்.

இறுதியாக மூட்டை. தாய்மார்கள் செவிசாய்க்க! டோக்கியோ, ஓஸாகா, ஹிரோஷிமா வழியில் ஓடும் ஷிங்கான்ஸென் வண்டிகளில், நீளம் அகலம் உயரம் மூன்றும் கூட்டி 160 செண்டிமீட்டருக்கு மேற்படின், அதற்குரிய இடத்தை ஆசனத்துடன் பதிவு செய்தல் 2020 முதல் விதி. முன்னரே பதிந்தார்க்கு மிகைக்கட்டணம் இல்லை. பதியாதார் 1,000 யென் செலுத்த வேண்டும். ஊறுகாயும் பொடிவகைகளும் கட்டுமுன் பெட்டியைச் சுற்றி ஒருமுறை அளவுநாடா பிடித்துப் பார்க்க வேண்டுகின்றேன்.